பாறுகளும் ஒரு வலி ஊசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசியால் ஒரு பறவை இனமே அழியும் என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்கள் கேட்கும் கேள்விகள்தான் பெரும்பாலும் நல்ல கேள்விகள். பள்ளிக்கூடங்களிலும் கிராமக் கூட்டங்களிலும் இந்தப் பேச்சு எழுந்தால் திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பாறு என்றால் எது? கழுகுதானே?

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லிப் பழகிய பறவைதான் பாறு. கழுகு உயிருள்ள இரையை அடித்துத் தின்னும். பாறு பெரும்பாலும் செத்ததைத்தான் தின்னும். கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று அதன்மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. அதற்கு வாய்ப்பே இல்லை, இரையைப் பற்றித் தூக்குகிற கால்கள் அதற்குக் கிடையாது.

தமிழ்நாட்டில் காணக்கூடியவை நான்கு: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு. வட இந்தியாவிலும் நேபாளத்திலும் மெலிந்த அலகுடைய இன்னொன்றும் உண்டு. இந்த மருந்துக் கதையில் மிக மோசமாக அடிவாங்கியவை வெண்முதுகும் கருங்கழுத்தும் அந்த மெலிந்த அலகுப் பாறும்.

எவ்வளவு குறைந்துவிட்டன?

1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்தது. அதாவது ஆயிரத்தில் ஒன்று மிஞ்சியது. மற்ற இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 97 சதவீதம். இவை ஒரு காலத்தில் அரிதாக இருந்து குறைந்தவை அல்ல. 1980களில் வெண்முதுகுப் பாறு உலகிலேயே அதிக எண்ணிக்கையில் இருந்த பெரிய ஊனுண்ணிப் பறவை வகைகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. டெல்லியிலும் மும்பையிலும் மரத்துக்கு மரம் உட்கார்ந்திருக்கும். விமானத்தில் மோதுகிறது என்று விமானப்படை தலையில் கைவைத்துக்கொண்டிருந்த காலம் அது.

காரணம் மருந்துதான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ராஜஸ்தானில் பரத்பூர் பக்கத்திலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1980களில் பாறுகளின் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். முந்நூற்றுச் சொச்சம் இணைகள். 1990களின் பிற்பாதியில் மறுபடி எண்ணியபோது பாதிக்கும் கீழே போயிருந்தது. சில ஆண்டுகளில் கூடே இல்லை. அவர் முதல் முறை எண்ணி எழுதி வைத்திருக்காவிட்டால், "முன்னே நிறைய இருந்துச்சு, இப்போ காணோம்" என்ற பேச்சோடு விஷயம் முடிந்திருக்கும்.

அப்போது எழுந்த சந்தேகங்கள் இரண்டு. ஒன்று, ஏதோ வைரஸ் பரவுகிறது. இரண்டு, பூச்சிக்கொல்லி. பறவைகள் கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பலரும் பார்த்தார்கள். நோயின் அறிகுறி என்று அதையே பிடித்துக்கொண்டார்கள். பிற்பாடு பாகிஸ்தானில் உட்கார்ந்து கவனித்தபோது, கழுத்தைத் தொங்கப்போட்ட பறவைதான் சாகும் என்று சொல்ல முடியவில்லை. உடல் சூட்டைத் தணிக்கவும் அப்படித் தொங்கப்போடும் போலிருக்கிறது. பல வருடம் எல்லோரும் பார்த்து பயந்த அறிகுறி, பாதிக்கு மேல் வெயிலுக்கான ஏற்பாடு!

2000இல் பாகிஸ்தானின் பஞ்சாபில் ஆய்வு தொடங்கியது. தலைமை தாங்கியவர் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் லிண்ட்சே ஓக்ஸ். பெரெக்ரின் நிதியம் என்ற அமெரிக்கப் பறவைப் பாதுகாப்பு அமைப்பும் பாகிஸ்தான் பறவையியல் கழகமும் உடன் நின்றன. செத்து விழுந்த பறவைகளைச் சேகரித்து ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார்கள். வயிற்றைத் திறந்தால் ஈரல், இதயத்தைச் சுற்றியுள்ள உறை, சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படலம். அது யூரிக் அமிலப் படிகம். பரிசோதித்த வளர்ந்த பறவைகளில் 85 சதவீதத்துக்கு இதுதான் நிலை. சிறுநீரகம் செத்துப்போனால்தான் இப்படி ஆகும்.

சிறுநீரகத்தைக் கொன்றது எது? வைரஸ் தேடினார்கள், இல்லை. பூச்சிக்கொல்லி, கன உலோகம் தேடினார்கள், விடை கிடைக்கவில்லை. இந்தக் கட்டத்தில்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். பாறுகள் தின்பது பெரும்பாலும் செத்த மாடும் எருமையும். அப்படியானால் மாட்டின் உடம்புக்குள் என்ன போகிறது? மருந்துக்கடைகளிலும் கால்நடை மருத்துவர்களிடமும் போய், எந்த மருந்து அதிகம் விற்கிறது, அதில் எது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்று விசாரித்துப் பட்டியல் போட்டார்கள். பட்டியலில் டைக்ளோஃபெனாக் நின்றது.

உறுப்புகள் வெண்படலம் படிந்திருந்த 25 பறவைகளைச் சோதித்தார்கள். 25இலும் டைக்ளோஃபெனாக் இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. பிறகு, காட்டில் திரும்ப விட முடியாத பறவைகளுக்கு மருந்து போட்ட கால்நடையின் இறைச்சியைக் கொடுத்துப் பார்த்தபோது அதே மாதிரி, அதே வெள்ளைப் படலத்தோடு செத்தன. 2004இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளிவந்தது. நூலகத்தைவிட மருந்துக்கடை அதிகம் உதவிய ஆராய்ச்சி என்று இதைச் சொல்லலாம்.

மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது?

நமக்குக் கழிவு யூரியாவாக நீரில் கரைந்து வெளியேறுகிறது. பறவைகளுக்கு அது யூரிக் அமிலம். சுலபத்தில் கரையாது. அதை இரத்தத்திலிருந்து பிடித்து வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் நுண்குழல் செல்கள். டைக்ளோஃபெனாக் அந்தச் செல்களைத் தாக்குகிறது, யூரிக் அமிலத்தைக் கடத்தும் வேலையும் நின்றுபோகிறது. இரத்தத்தில் அதன் அளவு மளமளவென்று ஏறி, கரைய இடமில்லாமல் உறுப்புகளின்மேல் படிகமாகப் படிகிறது. பெரும்பாலும் இரண்டு நாளில் கதை முடிந்துவிடும்.

இன்னொரு சிக்கல், பாறுவின் உடல் இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றுவதில் மந்தமானது. நம் ஈரல் சில மணி நேரத்தில் முடித்துவிடும் வேலை அதற்கு நெடுநேரம் இழுக்கிறது.

எவ்வளவு மருந்து போனால் சாகும்?

வெண்முதுகுப் பாறுவுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் வரை என்பது கணக்கு (சோதித்தவற்றில் பாதி சாகும் அளவு). பறவை ஏறக்குறைய 5 கிலோ. ஆக, அரை மில்லிகிராமிலிருந்து ஒரு மில்லிகிராம் வரை.

முதுகுவலிக்கு நாம் விழுங்கும் 50 மில்லிகிராம் மாத்திரையை நூறு துண்டாக்கினால் ஒரு துண்டு அரை மில்லிகிராம். மாட்டுக்கோ கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று வைத்தாலும் 300 கிலோ மாட்டுக்கு 300 மில்லிகிராம் போகிறது. ஊசி போட்ட சில மணி நேரத்துக்குள் மாடு செத்து, பாறுகள் ஈரலையும் சிறுநீரகத்தையும் முதலில் கொத்தினால் ஒரு வேளைச் சாப்பாடே போதும்.

எல்லா மாட்டுக்கும் யாரும் ஊசி போடுவதில்லையே. அதெப்படி 99.9 சதவீதம்?

மிகச் சரியான சந்தேகம். நானும் இதில்தான் முதலில் தடுக்கினேன்.

ரீஸ் கிரீன் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2004இல் ஒரு கணக்குப் போட்டார்கள். நேரில் கண்ட வேகத்தில் பாறுகள் குறைய வேண்டுமானால், எத்தனை சடலங்களில் சாகடிக்கும் அளவு மருந்து இருக்க வேண்டும்? விடை: 130இல் ஒன்று முதல் 760இல் ஒன்று வரை. ஒரு சதவீதம்கூடத் தேவையில்லை.

இதை நாமே போட்டுப் பார்க்கலாம். பாறு தினமும் தின்பதில்லை. மூன்று நாளைக்கு ஒரு முறை என்று வைத்தால் ஆண்டுக்கு 120 வேளை. இருநூறில் ஒரு சடலம் நஞ்சு என்று கொண்டால், 120 வேளையும் தப்பிக்கும் வாய்ப்பு சுமார் 55 சதவீதம். ஆண்டுக்கு நூறில் 45 பறவை போய்விடும். ஒரு சடலத்தில் ஐம்பது அறுபது பாறுகள் ஒன்றாக இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணைக்கு வருடம் ஒரே முட்டைதான், குஞ்சு இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஐந்து வருடம் ஆகிவிடும். செலவை வரவு எந்தக் காலத்திலும் பிடிக்காது.

உண்மையில் நிலைமை இதைவிட மோசமாக இருந்தது. தடைக்கு முன்பு இந்தியாவில் எடுத்த 1,848 கால்நடை ஈரல் மாதிரிகளில் பத்து சதவீதத்துக்குச் சற்று மேலானவற்றில் டைக்ளோஃபெனாக் இருந்தது. அத்தனையும் சாகடிக்கும் அளவு அல்ல, ஆனாலும் தேவைக்கு மேலேயே இருந்தது.

காகம், நாய், மனிதர்கள் ஏன் சாகவில்லை?

ஒவ்வொரு உடலும் மருந்தைக் கையாளும் விதம் வேறு. அமெரிக்கக் கண்டத்தின் வான்கோழிப் பாறுவுக்கு, நம்மூர் பாறுகளைக் கொல்லும் அளவைவிட நூறு மடங்குக்கு மேல் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. பெயரிலும் தோற்றத்திலும் சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தாலும் அந்தப் பறவை வேறு வழியில் வந்தது. ஆகவே "கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை, பாறுவுக்கும் ஆகாது" என்று எந்த மருந்தையும் நம்ப முடியாது.

மனிதர்கள் மருத்துவர் சொன்னபடி டைக்ளோஃபெனாக் எடுத்துக்கொள்வதற்கும் பாறுகளுக்கும் சம்பந்தமில்லை. தடை கால்நடைக்குத்தான்.

தடை செய்து இத்தனை வருடம் ஆகிவிட்டதே. பிறகென்ன?

2006இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடை டைக்ளோஃபெனாக்கை நிறுத்தின. 2004இல் கட்டுரை, 2006இல் தடை. இரண்டே வருடம்! நம்மூர் வேகத்துக்கு இது பாராட்ட வேண்டியதுதான். வங்கதேசம் 2010இல் சேர்ந்துகொண்டது.

ஆனால் மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் ஊசி கடையில் இருந்தது. அதுவும் 30 மில்லி குப்பியில். யோசித்துப் பாருங்கள், ஒரு மனிதருக்கு ஒரு தடவை போடுவது 3 மில்லி, 75 மில்லிகிராம். 30 மில்லி யாருக்கு? குப்பியின்மேல் மனிதப் பயன்பாட்டுக்கு என்று அச்சடித்திருக்கும், போவதோ தொழுவத்துக்கு. 2015இல் மத்திய அரசு மனித மருந்தையும் 3 மில்லி ஒற்றைக் குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என்று ஆணையிட்டது. 300 கிலோ மாட்டுக்கு நான்கு குப்பி உடைக்க வேண்டும், செலவும் கூடும், சலிப்பும் வரும். அந்தச் சலிப்பை நம்பித்தான் அந்த ஆணையே. மருந்து நிறுவனங்கள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயின. 2017 அக்டோபரில் நீதிமன்றம் ஆணையை உறுதிசெய்தது. இந்தப் பறவைகளுக்குக் கிடைத்த பெரிய தீர்ப்புகளில் ஒன்று சென்னையில் வந்தது என்பதை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

டைக்ளோஃபெனாக் மட்டும்தான் பிரச்சினையா?

இல்லை. என் ஆதங்கமே இங்கேதான்.

டைக்ளோஃபெனாக் போனதும் அதன் இடத்துக்கு வேறு வலி மருந்துகள் வந்தன. கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்பது 2010 வாக்கிலேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. வங்கதேசம் 2021இல் தடைசெய்தது. இந்தியா தடைசெய்தது 2023 ஜூலையில். பதின்மூன்று வருடம்.

அசிக்ளோஃபெனாக் இன்னும் வேடிக்கை. அது மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. முன்வாசலை அடைத்துவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைத்த கதை. 2016இல் இது நிரூபணமானது. தடை, அதே 2023இல்.

நிமசுலைடு விஷயத்தில் நம் கோயம்புத்தூருக்குப் பங்கு உண்டு. ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் நச்சியல் ஆய்வாளர்கள், குஜராத்தில் செத்துக் கிடந்த வெண்முதுகுப் பாறுகளின் உறுப்புகளைச் சோதித்தபோது, வெண்படலமும் நிமசுலைடும் சேர்ந்தே இருப்பதைக் கண்டு 2021இல் வெளியிட்டார்கள். கால்நடை நிமசுலைடு 2024 டிசம்பர் இறுதியில் தடைசெய்யப்பட்டது.

ஃபுளூனிக்சின் அடுத்தது. ஸ்பெயினில் 2012இல் கிடைத்த ஒரு பாறு அதனால் செத்ததாகப் பதிவாகியிருக்கிறது. அங்கே 2013இல் கால்நடை டைக்ளோஃபெனாக்குக்கே அனுமதி கொடுத்தார்கள். ஆசியாவில் நடந்தது அத்தனையும் அச்சில் வந்த பிறகு! 2020இல் அந்நாட்டின் கட்டலோனியாவில் செத்த ஒரு கரும்பாறுக் குஞ்சின் உடலில் டைக்ளோஃபெனாக் இருந்தது.

ஒவ்வொரு மருந்தாகச் சந்தைக்கு வந்து, பறவை செத்து, ஆய்வாளர் அறுத்துப் பார்த்து, கட்டுரை எழுதி, கடிதம் எழுதி, அப்புறம் தடை வருகிறது. வரிசையை மாற்றிப் போட வேண்டும். கால்நடை வலி மருந்துக்கு உரிமம் கொடுக்கும் முன்பே, பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று காட்டும் பொறுப்பு தயாரிப்பவருடையதாக இருக்க வேண்டும். இந்தக் கோரிக்கையைப் பாதுகாப்பு அமைப்புகள் பல வருடமாக வைக்கின்றன. பெரிய செலவும் அல்ல, ஒரு இனத்தைக் கூண்டில் வளர்த்து மீட்கிற செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அப்போ மாட்டுக்கு வலி வந்தால் என்ன போடுவது?

மெலாக்சிகம். 2006இல் வந்த ஆய்வில், முதலில் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க வெண்முதுகுப் பாறுகளுக்கும், அது பாதுகாப்பு என்று தெரிந்த பின் இந்தியாவில் நம் பாறுகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். காட்டில் எதிர்ப்படக்கூடிய அளவைவிடக் கூடுதலாகவே கொடுத்தார்கள். ஒன்றும் சாகவில்லை. அருகிவரும் பறவைக்கு மருந்து கொடுத்துச் சோதிப்பதா என்று மனம் கூசும். அதனால்தான் உறவுப் பறவையில் ஆரம்பித்து, காட்டுக்குத் திரும்ப முடியாத ஊனமுற்ற பறவைகளை வைத்து, குறைந்த அளவிலிருந்து மெல்ல ஏற்றினார்கள்.

டோல்ஃபெனமிக் அமிலம் இரண்டாவது. மாடுகளுக்குக் கொடுக்கும் அளவில் பாதுகாப்பானது என்ற முடிவுக்குப் பின்னாளில் வந்திருக்கிறார்கள்.

மடிநோயிலும் காய்ச்சலிலும் இரண்டுமே வேலை செய்யும். மெலாக்சிகம் "மெதுவாகத்தான் கேட்கும்" என்று சொல்லும் மாட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. கறவை மாடு படுத்துவிட்டால் வீட்டின் வருமானம் படுத்துவிடும். அந்த அவசரத்தில் கைக்கு எது கிடைக்கிறதோ அதைத்தான் போடுவார்கள். ஆகவே கைக்குக் கிடைப்பது எது என்பதைத்தான் மாற்ற வேண்டும். மருந்துக்கடை அலமாரியில் வேலை நடந்தால் தொழுவத்தில் தானாக நடக்கும்.

பூச்சிக்கொல்லியும் விஷமும் காரணமில்லையா?

தெற்காசியாவில் நடந்த பெருஞ்சரிவுக்கு அவை காரணமில்லை. ஆனால் இப்போது மிஞ்சியிருக்கும் பறவைகளுக்கு ஆபத்துதான். சிறுத்தையோ புலியோ மாட்டை அடித்துவிட்டால், ஆத்திரத்தில் அந்தச் சடலத்தில் பூச்சிமருந்தைத் தெளித்து வைப்பார்கள். குறி புலிக்கு, விழுவது பாறுகள். ஆப்பிரிக்காவில் இது பெரிய அளவில் நடக்கிறது. 2019இல் போட்ஸ்வானாவில் நஞ்சு வைத்த மூன்று யானைச் சடலங்களைத் தின்று 537 பாறுகள் செத்தன. வானத்தில் பாறுகள் வட்டமிட்டால் வனக்காவலர்களுக்கு இடம் தெரிந்துவிடும் என்று வேட்டைக்காரர்கள் வேண்டுமென்றே அவற்றுக்கு விஷம் வைப்பதும் உண்டு. கலிஃபோர்னியாவின் காண்டோர் பறவைக்கு எமன் ஈயத் தோட்டா. சுட்ட மிருகத்தின் உடம்பில் சிதறிய ஈயத் துகளைத் தின்று சாகிறது.

தமிழ்நாட்டில் எங்கே பார்க்கலாம்? எத்தனை இருக்கின்றன?

மாயாறு பள்ளத்தாக்கு. முதுமலை, சீகூர் மேட்டுநிலம், சத்தியமங்கலம் காடுகள். வெண்முதுகுப் பாறுகள் ஓடைக்கரையில் நிற்கும் உயரமான நீர்மத்தி மரங்களில் கூடு கட்டுகின்றன. கருங்கழுத்துப் பாறுகளுக்குச் செங்குத்தான பாறை முகடு வேண்டும். செம்முகப் பாறு கூட்டம் சேராத ஆசாமி, தனி மரம் பார்த்துக்கொள்ளும்.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்று மாநில வனத்துறைகளும் ஒரே சமயத்தில் சேர்ந்து எண்ணுகின்றன. தனித்தனியாக எண்ணினால் காலையில் முதுமலையில் எண்ணிய பறவையை மதியம் வயநாட்டிலும் எண்ணிவிடுவோம். பறவைக்கு மாநில எல்லை தெரியாதல்லவா. 2023 பிப்ரவரியில் 246, அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் 320. உடனே "ஒரே வருடத்தில் 74 கூடிவிட்டது" என்று எழுதிவிட வேண்டாம். வருடத்துக்கு ஒரு முட்டையிடும் பறவை அப்படிக் கூடாது. எண்ணிய பருவம் வேறு, இடங்களும் கூடியிருக்கலாம். சரியவில்லை என்பதே நல்ல செய்தி.

இங்கே ஏன் தப்பின? இவை கால்நடைச் சடலத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. புலியும் செந்நாயும் அடித்துப்போட்ட மான், காட்டெருமை மிச்சமும் உணவு. காட்டு மிருகத்துக்கு யாரும் ஊசி போடுவதில்லை. ஆனாலும் காட்டோரக் கிராமங்களின் மாடுகளையும் தின்கின்றன என்பதால் மருந்துக்கடைப் பிரச்சினை இங்கேயும் உண்டு. கோவையின் அருளகம் அமைப்பு பல வருடமாக இந்தக் கடைகளிலும் கிராமங்களிலும்தான் சுற்றிவருகிறது. தமிழ்நாடு அரசு 2022இல் பாறு பாதுகாப்புக்கென மாநிலக் குழு ஒன்றை அமைத்தது.

திருக்கழுக்குன்றத்தில் வந்த கழுகுகள்?

அவை மஞ்சள்முகப் பாறுகள். மலைக்கோயிலில் குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்ற ஜோடி. 1990களின் இறுதியோடு வருவது நின்றுவிட்டது. வலி மருந்தால்தான் என்று அந்தக் குறிப்பிட்ட ஜோடியைப் பற்றி அடித்துச் சொல்ல ஆதாரமில்லை. ஆனால் இந்தியா முழுக்க மஞ்சள்முகப் பாறுகள் சரிந்தது அதே காலகட்டத்தில்தான்.

கூண்டில் வளர்த்துப் பெருக்கி விட்டுவிடலாமே?

செய்கிறார்கள். ஹரியானாவின் பிஞ்சோரில் 2004இல் இனப்பெருக்க மையம் தொடங்கியது. மேற்கு வங்கத்தில் ராஜாபட்கவா, அசாமில் ராணி, போபால் என்று பிறகு விரிந்தது. 2020இல் பிஞ்சோரிலிருந்து 8 வெண்முதுகுப் பாறுகளைக் கருவி பொருத்தி வெளியே விட்டார்கள். மையம் தொடங்கிப் பதினாறு வருடம் கழித்து எட்டு. வேகம் புரிகிறதா? சுற்றுவட்டாரத்துச் சடலங்களில் மருந்து இல்லை என்று உறுதியாகாமல் விடுவது, வளர்த்ததைக் கொல்லக் கொடுப்பதற்குச் சமம்.

நேபாளம் வேறு வழியில் முன்னே போய்விட்டது. பிடவ்லி கிராமத்து மக்கள் 2006இல் பாறுகளுக்கு ஒரு 'உணவகம்' திறந்தார்கள். வயதான மாடுகளை வாங்கி, மருந்தில்லாமல் கடைசிவரை பராமரித்து, இயல்பாகச் செத்த பின் பாறுகளுக்குப் போடுகிறார்கள். கடைகளில் டைக்ளோஃபெனாக்கை வாங்கிக்கொண்டு மெலாக்சிகம் கொடுத்தார்கள். அங்கே வெண்முதுகுப் பாறுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவருகின்றன.

பாறு இல்லாவிட்டால் நமக்கு என்ன?

ஒரு மாட்டுச் சடலத்தைப் பாறுக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அவை போனபின் அந்த இறைச்சி நாய்களுக்குப் போனது, மீதி நீர்நிலையில் அழுகியது. 2024இல் எயல் ஃபிராங்க், அனந்த் சுதர்ஷன் என்ற இரு பொருளியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு, பாறுகள் முன்பு நிறைய வாழ்ந்த மாவட்டங்களையும் எப்போதும் குறைவாக இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டது. முதல் வகை மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை ஏறக்குறைய 5 லட்சம் கூடுதல் இறப்புகள் என்பது அவர்கள் மதிப்பீடு. வெறிநாய்க்கடியும் கெட்ட தண்ணீரும் முக்கியமான வழிகள். மதிப்பீடுதான், தலை எண்ணிய கணக்கல்ல. பாதியாக்கிக்கொண்டாலும் சின்ன எண் இல்லை.

மும்பைப் பார்சிகளின் பாடு தனி. இறந்தவரைப் பாறுகளுக்கு ஒப்படைக்கும் மரபு அவர்களுடையது. பறவை வராததால் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை வைத்துச் சமாளிக்கிறார்கள்.

செத்துக் கிடக்கும் பாறு ஒன்றைப் பார்த்தால்?

தொட வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். விஷம் வைத்த சடலம் அருகிலேயே இருக்கலாம், உங்களுக்கும் ஆபத்து. படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள். "உடனே" என்பதற்குக் காரணம் உண்டு. நம் வெயிலில் ஒரே நாளில் உறுப்புகள் கூழாகிவிடும், ஈரலும் சிறுநீரகமும் கெடாமல் கிடைத்தால்தான் சோதனை. எடுப்பவர்களுக்கும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: யூரிக் அமிலப் படிகம் வழக்கமான ஃபார்மலின் கரைசலில் கரைந்து போய்விடும். படிகத்தைப் பார்க்க ஒரு துண்டைச் சுத்த ஆல்கஹாலிலும், மருந்தைத் தேட இன்னொரு துண்டை உறைநிலையிலும் வைக்க வேண்டும்.

என் மாட்டுக்கு ஊசி போட்டேன், மறுநாள் செத்துவிட்டது. என்ன மருந்து என்றுகூடத் தெரியாது.

ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள், காட்டோரத்தில் போட வேண்டாம். மாட்டின் உடலில் டைக்ளோஃபெனாக் ஏறக்குறைய 12 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். மூன்று நாள் தாண்டினால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் மாடு செத்த கணத்தில் இந்தக் குறைதல் நின்றுவிடுகிறது. அப்போது இருந்தது அப்படியே சதையில் தங்கிவிடும். அடுத்த முறை ஊசி போடுபவரிடம் மருந்தின் பெயரைக் கேட்டு, காலிக் குப்பியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.